கம்பங்கூழின் கடைசி மடக்கு

எங்கள் மருத்துவமனையின் செவிலியர் தின மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று ஷர்மிளா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்தவள். வாய் கொஞ்சம் நீளம்.

"அனுபவம்னு எழுதுங்க பிரதர். அறிவுரைன்னு எழுதிராதீங்க, ஒருத்தரும் படிக்க மாட்டாங்க."

"நான் எப்பம்மா அறிவுரை சொன்னேன்?"

"உங்க பிரிவுபசார விழாவுல உங்க கையில இருந்து மைக்க வாங்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான தெரியும்?"

அதோடு விட்டாளா? நான் கட்டிலுக்குக் கட்டில் காவல் காத்த டிரிப் வைத்தியமெல்லாம் பழங்கதை ஆகிவிட்டதாம். நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்தவர்களுக்கு இப்போது பெரும்பாலும் மாத்திரைதானாம். வீட்டிலேயே விழுங்கிக்கொள்கிறார்களாம். பகல் முழுக்கச் சொட்டுச் சொட்டாக நாங்கள் ஏற்றிய ஆன்டிபாடி மருந்தைக்கூட, பிற நோய்களுக்குத் தோலுக்கடியில் ஊசியாகக் குத்தி, ஒரு காபி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறார்களாம். "இனி நமக்கு என்ன பிரதர் வேலை? மாத்திரைய எடுத்து நீட்டுறது மட்டும்தான்" என்றாள்.

மாத்திரை என்று அவள் அலட்சியமாகச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனியாபுரம் சோலைமலையைத் தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள்.

முதலில் அந்தப் 'பிரதர்' விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். பெண் செவிலியரை சிஸ்டர் என்பதால் ஆண் செவிலியன் பிரதர். என் அப்பா மிஷன் பள்ளி ஆசிரியர். என்னையும் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தப் பார்த்தார். நான் நழுவி நர்சிங் பள்ளியில் போய்ச் சேர்ந்தேன். படிப்பு, பயிற்சி, இடையில் கொஞ்ச காலம் ஆபரேஷன் தியேட்டர் என்று வருடங்கள் ஓடி, கடைசியில் புற்றுநோய்ப் பகல்நேர வார்டில் வந்து நங்கூரம் போட்டேன். தல்லாகுளத்தில் நான் குடியிருந்த தெருவே என்னைப் பிரதர் என்றுதான் கூப்பிட்டது. வாங்கிவரச் சொன்ன சாமானை நான் மறந்துவிட்டு வந்தால் என் மனைவியும் வாசலில் நின்று, "வாங்க பிரதர்" என்பாள். அதைவிட ஒரு வசவு கிடையாது.

வார்டுக்குத் தலைவி வசுமதி டாக்டர். ஆள் சின்ன உருவம். குரலும் சின்னது. கோபம் வந்தால் மற்ற டாக்டர்கள் கத்துவார்கள். இவருக்கு மரியாதை ஏறும். சாதாரண நேரத்தில், "பிரதர், இங்க வாங்க." கொஞ்சம் எரிச்சல் என்றால், "பிரதர், தாங்கள் சற்று இங்கே வர முடியுமா?" உச்சக் கோபத்தில் சுத்தமான மேடைத்தமிழ் பேசுவார். 'தயவுகூர்ந்து' என்ற வார்த்தை காதில் விழுந்தால் வார்டில் யாருக்கோ அன்றைக்குக் கிரகம் சரியில்லை என்று அர்த்தம்.

ஆன்டிபாடி மருந்து எங்கள் வார்டுக்கு வந்த புதிதில் நானே அதை அனுபவித்தேன். மருந்துக்குப்பியை எடுத்து, மற்ற மருந்தைப் போல நன்றாகக் குலுக்கினேன். அது புரதம், குலுக்கினால் நுரைத்துக்கொண்டு கெட்டுப்போகும். பின்னாலிருந்து மெல்லிய குரல் கேட்டது. "பிரதர், தாங்கள் தயவுகூர்ந்து அக்குப்பியைக் கீழே வைப்பீர்களா? அது இருமல் மருந்து அன்று." அதற்குப் பிறகு என் சர்வீஸ் முடியும்வரை தூங்குகிற பிள்ளையைத் தூக்குவது போலத்தான் அந்தக் குப்பியைத் தூக்கினேன்.

அந்த மருந்தை ஏற்றுவதற்கென்று டாக்டரம்மா ஒரு முறை வைத்திருந்தார். முதல் தடவை ஏற்றும்போதுதான் உடம்பு முரண்டு பிடிக்கும். குளிர் வரும், காய்ச்சல் வரும், பிரஷர் இறங்கும். அதனால் முன்கூட்டியே காய்ச்சலுக்கும் ஒவ்வாமைக்கும் மருந்து கொடுத்துவிட்டு, டிரிப்பை எறும்பு ஊர்கிற வேகத்தில் தொடங்க வேண்டும். பிரஷர் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் ஒரு படி கூட்ட வேண்டும். மறுபடி பார்க்க வேண்டும், மறுபடி கூட்ட வேண்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்றைக்குக் காலை அதை நிறுத்தியிருக்க வேண்டும். மருந்தும் இறக்கி, மாத்திரையும் இறக்கினால் பிரஷர் பாதாளத்துக்குப் போய்விடும். டாக்டரம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்து, "காலையில என்ன சாப்பிட்டீங்க? தொட்டுக்க என்ன?" என்று கல்யாண வீட்டில் விசாரிப்பது போல விசாரிப்பார். பேச்சு பேச்சாக இருக்கும், கண் நோயாளியின் உதட்டின் நிறத்தில் இருக்கும்.

சோலைமலை அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவர். அறுபதை ஒட்டிய வயது, தேக்குக் கட்டை உடம்பு, ஊரையே அதட்டுகிற குரல். நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்குச் சில வருடங்களுக்கு முன்னால் வேறு ஆஸ்பத்திரியில் கீமோ ஏற்றி, நோய் அடங்கியிருந்தது. இப்போது கழுத்திலும் அக்குளிலும் மறுபடி கட்டி. "வீட்டைக் காலி பண்ணிட்டுப் போன ஆள் சாவியத் திருப்பித் தரல. மறுபடி வந்துட்டார், அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா. கீமோ மட்டும் கொடுத்தால் இந்த முறை போதாது, ஆன்டிபாடியும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று விளக்கினார். ஆன்டிபாடி கெட்ட அணுவைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு அடையாளம் காட்டும், கீமோ அடிக்கும்.

சோலைமலைக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "அப்ப இது மார்க்கிங்கு, அது கட்டிங்கு. மார்க் போடாம வெட்டுனா ஜாப் வீணாப் போகும். போன தடவ அந்த ஆஸ்பத்திரில மார்க் போடாம வெட்டிட்டாய்ங்க."

"சரிதான். இன்னும் கொஞ்சம் மாத்திரையும் இருக்கு" என்றார் டாக்டரம்மா.

அவ்வளவுதான், முகம் மாறிவிட்டது. "ஊசி எம்புட்டு வேணாலும் குத்துங்க. மாத்திர மட்டும் ஆகாது. ஊசி போட்டா அன்னைக்கு ஒரு நாள்தேன் நோயாளி. மாத்திர போட்டா தெனமும் நோயாளி. எம் பட்டறைல பத்துப் பேரு வேல பாக்குறாய்ங்க. அவங்களுக்கு முன்னால நான் மாத்திர டப்பாவத் தொறக்கவா?"

கட்டிகள் கரையும்போது சிறுநீரகத்துக்கு ஆபத்து வராமல் இருக்க ஒரு மாத்திரை. அதைச் சாப்பிடாமல் மருந்தே ஏற்ற முடியாது. டாக்டரம்மா பக்கத்திலிருந்த மனைவி பஞ்சவர்ணம் அம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் மாத்திரை அட்டையைக் கை நீட்டி வாங்கிக்கொண்டு, "நான் பாத்துக்கிறேன் டாக்டர்" என்றார். குரலில் ஒரு தெம்பு இருந்தது. மற்ற பெண்கள் எல்லாம் இந்த இடத்தில் கண்ணைக் கசக்குவார்கள்; இவர் எப்படி இவ்வளவு தைரியமாக இருக்கிறார் என்று நான் யோசித்தேன். அதோடு விட்டுவிட்டேன்.

"வேற எதுக்காவது மாத்திரை சாப்பிடுறீங்களா? சர்க்கரை, பிரஷர்?" என்று டாக்டரம்மா அவரிடம் கேட்டார்.

"எங்க பரம்பரையிலயே கெடையாது" என்றார் சோலைமலை. பிரஷரை நான் பார்த்தேன். இளவட்டத்துக்கு இருப்பது போல இருந்தது. பஞ்சவர்ணம் அம்மாள் சேலை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார்.

மருந்து ஏற்றும் நாள் வந்தது. ரத்தத்தில் கெட்ட அணு ஏராளமாக இருந்ததால் முதல் நாள் ஆன்டிபாடியில் கொஞ்சம் மட்டும், மறுநாள் மீதியும் கூடவே கீமோவும் என்று திட்டம். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"கம்பங்கூழு. தெனமும் ஒரு கும்பா. தொட்டுக்கச் சின்ன வெங்காயம். நம்ம பஞ்சு கரைச்சுத் தர்ற கூழக் குடிச்சா சாயங்காலம்வர பசிக்காது."

"மாத்திரை எதுவும்?"

"நம்மகிட்ட அந்தப் பேச்சே கெடையாது டாக்டர்."

டிரிப் ஓடியது. முதல் படி, இரண்டாவது படி, எல்லாம் சுமுகம். சோலைமலை என்னிடம், "ஆம்பளப் பய நீரு, நர்சு வேலைக்கு எப்படி வந்தீரு மாப்ள?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்லத் தொடங்கும்போது கட்டில் ஆட ஆரம்பித்தது. குளிர் நடுக்கம். பற்கள் தந்தியடிக்க அவர், "லேத்து ஆடுது மாப்ள... அடியில போல்ட்டு லூசு..." என்றார். கம்பளி போட்டேன், டிரிப்பை நிறுத்தினேன். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான், ஊசி மருந்து கொடுத்தால் அடங்கிவிடும். நடுக்கம் அடங்கவும் செய்தது. ஆனால் கூடவே பேச்சும் அடங்கிவிட்டது. அது எதிர்பாராதது. பிரஷர் பார்த்தேன். கருவி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மறுபடி பார்த்தேன். கருவி கெடவில்லை.

"பிரதர், தாங்கள் தயவுகூர்ந்து கட்டிலின் கால் பக்கத்தை உயர்த்துவீர்களா?" என்றார் டாக்டரம்மா. காலை உயர்த்தினோம், சலைனை வேகமாக விட்டோம், ஆக்ஸிஜன் வைத்தோம். பிரஷர் ஏறுவேனா என்றது. வழக்கமாக இந்நேரம் தலைதூக்கியிருக்க வேண்டும். டாக்டரம்மா என்னிடம் தாழ்ந்த குரலில், "இவருக்கு இந்த ஆன்டிபாடி ஒத்துக்கல போல. இனி தர முடியாது. கீமோவை மட்டும் வச்சு என்ன செய்யப் போறோம்னு தெரியல" என்றார். ஒரு தடவை தோற்றுப்போன வைத்தியத்தை மறுபடி கொடுப்பதுதான் மிச்சம். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்போது கதவோரம் நின்ற பஞ்சவர்ணம் அம்மாள் ஓவென்று கத்தினார். "நாந்தேன்! பாவி நாந்தேன் குடுத்தேன்!"

எல்லாரும் திரும்பினோம்.

"கூழுல கரைச்சுக் குடுத்தேன் டாக்டர். பிரஷர் மாத்திர. அஞ்சாறு வருசமாக் குடுக்கேன். எங்க ஏரியா டாக்டரு எழுதித் தந்தாரு, இவுக அட்டையத் தூக்கிக் குப்பைல போட்டுட்டாக. நான் பொறுக்கிட்டு வந்து அம்மில நுணுக்கி, கூழுல போட்டுக் கலக்கிருவேன். இவுகளுக்குத் தெரியாது. இன்னைக்கும் போட்டுட்டேன். நெனப்பே இல்லாமப் போட்டுட்டேன்!"

வசுமதி டாக்டர் அவர் அருகில் போய்க் கையைப் பிடித்தார். பிறகு என் வாழ்நாளில் அவரிடம் காணாத ஒரு சிரிப்பு அந்த முகத்தில் வந்தது. "அம்மா, நீங்க இப்பச் சொன்னதுதான் அவரைக் காப்பாத்துது" என்றார். பிரஷர் இறங்கியதில் பாதிப் பழி மாத்திரையுடையது. அப்படியென்றால் ஆன்டிபாடியைக் கைவிட வேண்டியதில்லை. அழுத அழுகையில் இதில் ஒரு வார்த்தையும் அந்த அம்மாளின் காதில் ஏறவில்லை.

மத்தியானத்துக்குள் பிரஷர் ஏறியது. பாதி வேகத்தில் அன்றைய மீதியை ஏற்றி முடித்தோம். சோலைமலையை வார்டிலேயே படுக்க வைத்துவிட்டு, பஞ்சவர்ணம் அம்மாளை வீட்டுக்கு அனுப்பினோம். நடந்ததை நான் சோலைமலைக்குப் பக்குவமாகச் சொன்னேன். எரிமலை வெடிக்கும் என்று ஒதுங்கி நின்றேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "அப்படியா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை மருந்தோடு போனேன். சோலைமலை இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பஞ்சு வந்தாத்தேன் கைய நீட்டுவேன்."

"வந்துருவாங்கண்ணே. மருந்தக் கலந்தாச்சு, ரொம்ப நேரம் வைக்க முடியாது."

"அவ வரட்டும்."

வார்டு சன்னல் வழியாகப் பார்த்தேன். சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்து வேப்பமரத்தடியில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு பஞ்சவர்ணம் அம்மாள் உட்கார்ந்திருந்தார். கீழே இறங்கி ஓடினேன்.

"மேல வாங்கம்மா. நீங்க வந்தாத்தான் ஊசியாம்."

"நான் வரல பிரதர். என் கை ராசி அப்படி. அவுகளக் கொல்லப் பாத்துட்டேன். இனிமே என் கையால பச்சத் தண்ணி அவுகளுக்குக் குடுக்க மாட்டேன். அந்த மருந்தும் வேணாம். கூட்டிட்டுப் போயிருறேன், இருக்கிறவர இருக்கட்டும்."

இந்த அம்மாள் முடிவு செய்துவிட்டால் செய்ததுதான், அந்த மனிதரும் இவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டுக் கிளம்பிவிடுவார் என்று பயந்துபோனேன். வேறு வழி தெரியாமல் நானும் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்தேன். மேலே மருந்துப் பை தொங்குகிறது, கீழே நான் உட்கார்ந்திருக்கிறேன். டாக்டரம்மாவின் தமிழ் இன்றைக்கு எந்தச் சங்க காலத்துக்குப் போகுமோ என்று வேறு கவலை.

எதிரே லிஃப்ட் கதவு திறந்தது. கட்டம் போட்ட லுங்கி, ஆஸ்பத்திரிச் சட்டை, கையில் நேற்றுப் போட்ட ஊசிக் குழாய், இழுத்துக்கொண்டு வந்த சலைன் ஸ்டாண்டு கிறீச் கிறீச்சென்று சத்தம் போட, சோலைமலை வந்துகொண்டிருந்தார். செக்யூரிட்டி பின்னால் ஓடி வந்தார்.

"ஏ பஞ்சு! எனக்குத் தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"கூழுல நீ மாத்திர போடுறது. மொத நாள்ல இருந்தே தெரியும். நேத்து டாக்டரு கேட்டப்ப இல்லைன்னு சொன்னது நானு. பொய் சொன்னவன் நானு. உன் கைய எதுக்குத் திட்டுற?"

பஞ்சவர்ணம் அம்மாள் எழுந்து நின்றார். "தெரிஞ்சுமா குடிச்சீக?"

"குடிச்சேன்."

"தெரிஞ்சுமா டாக்டரம்மாகிட்ட இல்லைன்னீக?"

"நீ பக்கத்துல நின்னயே. ஆமான்னு சொன்னா, எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சு போயிரும்ல?"

"தெரிஞ்சா என்னவாம்?"

பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிற மனிதர் தலையைச் சொறிந்தார்.

"அடப்பாவி மனுசா! விடிய விடிய அழுது என் கண்ணு அவிஞ்சு போச்சே! மாரியாத்தாளுக்கு வேற நேந்துக்கிட்டேனே!" மஞ்சள் பையால் அவர் தோளில் ஒன்று வைத்தார். ஊசி இல்லாத தோள்தான்; அந்தக் கோபத்திலும் பார்த்துத்தான் அடித்தார். செக்யூரிட்டி தடுக்கப் போனார், நான் அவரைத் தடுத்தேன்.

மேலே சன்னலில் இருந்து மெல்லிய குரல் மிதந்து வந்தது. "தாங்கள் இருவரும் தயவுகூர்ந்து இவ்வுரையாடலை மேலே வந்து தொடர இயலுமா? பிரதர் அவர்களும் ஓய்வெடுத்தது போதும்."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் லிஃப்டுக்கு ஓடினோம்.

அன்றைக்கு ஆன்டிபாடி முழுசும் ஏறியது, பின்னாலேயே கீமோவும் ஏறியது. சோலைமலை பட்டறை மோட்டார் போலக் குறட்டை விட்டுத் தூங்கினார். பஞ்சவர்ணம் அம்மாள் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையை, ஊசிக் குழாய் அசையாமல், பிடித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு மாதாமாதம் வந்தார்கள். கட்டிகள் கரைந்தன. பிரஷர் மாத்திரை வெளிப்படையாக, உள்ளங்கையில் வைத்து விழுங்கப்பட்டது, மருந்து ஏற்றும் நாள் மட்டும் விடுமுறை. டாக்டரம்மாவும் தன் விசாரணையில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டார். நோயாளியிடம், "என்ன சாப்பிட்டீங்க?" அடுத்து கூட வந்தவரிடம் திரும்பி, "நீங்க என்ன போட்டீங்க?" இந்தக் கேள்விக்கு எத்தனை வீடுகளின் குட்டு உடைந்தது என்று எழுதினால் மலர் தாங்காது.

கடைசிச் சுற்று முடிந்த அன்று, பஞ்சவர்ணம் அம்மாள் மருந்துச் சீட்டு வாங்கப் போயிருந்தபோது நான் மெதுவாகக் கேட்டேன். "அண்ணே, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கடைசி மடக்குல கசக்கும் மாப்ள. பொடி அடியில தங்கிரும்ல."

"அந்த ஒரு மடக்க அப்படியே மிச்சம் வச்சிருக்கலாமே? மாத்திரைன்னாலே ஆகாதுன்னீங்க."

அவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "வச்சிருப்பேன். ஆனா கும்பாவக் கீழ வச்சதும் அவ எட்டிப் பாப்பா. காலியா இருந்தா அவ மொகம் தெளியும் பாரு, அம்புட்டு நிம்மதியா இருக்கும் மாப்ள. அதுக்காகக் குடிச்சிட்டுப் போறது."

டிரிப் ஸ்டாண்டைத் துடைப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இதையெல்லாம் ஷர்மிளாவிடம் போனில் சொல்லி முடித்தேன்.

"பிரதர், அந்த சோலைமலை ஐயா போன வாரம் வந்திருந்தாரு" என்றாள். "நோய் மறுபடி திரும்பியிருக்கு. புது மாத்திரைதான் ஆரம்பிச்சிருக்கோம். யாருன்னு தெரியாமதான் மொத மாத்திரைய நான் எடுத்து நீட்டினேன். என்கிட்ட வாங்க மாட்டேன்னுட்டாரு. அந்தம்மா பக்கம் கைய நீட்டினாரு. அந்தம்மா வச்சாங்க, விழுங்கினாரு. அப்புறம் யாரும் கேக்காமலே வாயத் தொறந்து காட்டினாரு."

"அந்தம்மா என்ன செஞ்சாங்க?"

"குனிஞ்சு எட்டிப் பாத்தாங்க பிரதர்."